விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்

அந்தமானின் லம்பா லைனில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடுகிறது. ஊரோ அந்த நேரத்தைக் கணிக்கும் ரேகைக்குப் பத்து டிகிரி கிழக்கே கிடக்கிறது. அதனால் சென்னையில் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து விளையாடிக்கொண்டிருக்கும் நவம்பர் மாத ஐந்து மணிக்கு இங்கே தெருவிளக்கு எரியத் தொடங்கிவிடுகிறது. விமான நிலையத்தை ஒட்டிய தெருக்களில், மழை விட்ட இரவுகளில், அந்த வெளிச்சத்துக்கு விதவிதமான பூச்சிகள் வரும். எப்போதாவது, விரித்த கையைவிட அகலமான ஒன்று சுவரில் வந்து ஒட்டிக்கொள்ளும். காலை வரை அங்கேயே இருந்தால் யாராவது படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார்கள். அதற்குள் மைனா பார்த்துவிட்டால் தரையில் நான்கு இறக்கைகள் மட்டும் கிடக்கும்.

அது காட்டுப் பட்டுப்பூச்சி. சுவரில் அதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். அது எதற்காகப் பறக்கிறதோ அந்தக் காரியத்தைப் பார்த்தவர்கள் மிகச் சிலர். ஏனென்றால் அந்தக் காரியம் முழுவதும் விளக்கில்லாத இடத்தில் நடக்கிறது. விளக்கு வந்தால் நடக்காமலே போகிறது.

அந்தமான் காடுகளுக்கென்றே சில காட்டுப் பட்டுப்பூச்சிகள் உண்டு. டசர் பட்டு தரும் பூச்சியின் உறவான ஆன்தரேயா அண்டமானாவுக்கு 1877-இல் பெயர் வைத்தவர் ஃபிரெடெரிக் மூர். அந்தமான் நிகோபார் தீவுகளின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் லண்டனிலிருந்தபடியே பட்டியலிட்டவர் அவர். பச்சை இறக்கையும் நீண்ட வாலும் கொண்ட நிலா அந்தின் அந்தமான் உறவு, ஆக்டியாஸ் கலாண்ட்ரா. எரி பட்டுப்பூச்சியின் உறவு, சாமியா ஃபுல்வா. இந்த இரண்டையும் 1911-இல் கார்ல் ஜோர்டன் விவரித்தார். இவற்றுள் பெரியது அட்டகஸ் மெக்முல்லெனி. 1914-இல் வாட்சன் அதற்குப் பெயரிட்டார். முன்னிறக்கையின் நுனி பாம்புத் தலை மாதிரி இருக்கிறதென்று அட்லஸ் பூச்சியின் படம் அவ்வப்போது தமிழ் நாளிதழ்களில் வருகிறதே, அதன் நெருங்கிய சொந்தம் இது.

அட்டகஸ் மெக்முல்லெனி முட்டையிலிருந்து பூச்சியாகும் வரை எப்படி வளர்கிறது என்பதை 1990-களில் பதிவு செய்தவர்கள் வீணாகுமாரி, பிரசாந்த் மோகன்ராஜ், ரிச்சர்ட் பீக்லர் ஆகிய மூவர். முதல் இருவரும் போர்ட் பிளேரின் மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர்கள். அந்த நிலையம் லம்பா லைனிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, காராச்சர்மாவில் இருக்கிறது. போர்ட் பிளேரின் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. மூவரின் கட்டுரையில் பழைய பெயரே நிற்கிறது. பீக்லர் உலகின் அட்டகஸ் இனங்கள் எல்லாவற்றையும் 1989-இல் ஒரே நூலில் சீர்படுத்தியவர்.

காட்டுப் பட்டுப்பூச்சிக் குடும்பத்துக்கெல்லாம் பொதுவான ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். இவற்றுக்குச் சாப்பிட வாய் கிடையாது. புழுவாக இருக்கும்போது வாரக்கணக்கில் இலை தின்று சேர்த்த கொழுப்புதான் பூச்சியான பிறகு உள்ள ஒரே கையிருப்பு. பூவில் தேன் குடிப்பதில்லை. பெரும்பாலானவை ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் இருக்கும். அதற்குள் பெண் ஒரு துணையைச் சேர வேண்டும், முட்டைகளை உரிய மரத்து இலைகளில் வைக்க வேண்டும். ஆணுக்கு இன்னும் சுருக்கமான வேலை: பெண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். அடர்ந்த காட்டில், இருட்டில், எங்கோ ஒரு கிளையில் அசையாமல் தொங்கும் பெண்ணை.

கதை கூட்டுக்குள் தொடங்குகிறது. டசர் வகையின் கூடு காம்புள்ள ஒரு காய் போலக் கிளையில் தொங்கும், ஓடு கெட்டியானது. உள்ளே இருக்கும் பூச்சிக்குக் கடித்துத் திறக்கப் பல் இல்லை. அது வாய்ப்பக்கம் சுரக்கும் ஒரு நொதியால் பட்டிழைகளை ஒட்டியிருக்கும் பசையைக் கரைக்கிறது. இழை அறுவதில்லை, நெகிழ்ந்து வழிவிடுகிறது. ஈரமான தலை முதலில் வெளியே வரும். பிறகு முன்கால்கள் கூட்டின் விளிம்பைப் பற்றும். பிறகு தொப்பலாக நனைந்த உடல். இறக்கைகள் அப்போது கசங்கிய துணித்துண்டு அளவுதான் இருக்கும். பூச்சி உடனே மேலே ஏறி, தலை மேலும் உடல் கீழுமாகத் தொங்குகிறது. உடம்பின் திரவத்தை இறக்கை நரம்புகளுக்குள் அழுத்தி அனுப்ப, அரைமணி நேரத்துக்குள் இறக்கை முழு அளவுக்கு விரிந்து மெல்ல விறைக்கிறது. அந்த நேரத்தில் தொங்க இடம் கிடைக்காவிட்டால் இறக்கை கோணிக்கொண்டே காய்ந்துவிடும். அப்படி ஆன பூச்சி பறக்காது.

இந்த வெளியேற்றம் எந்த மணிக்கு நடக்க வேண்டும் என்பதைக்கூட உடல் தீர்மானித்து வைத்திருக்கிறது. 1970-இல் ஜேம்ஸ் ட்ரூமன், லின் ரிடிஃபோர்ட் என்ற இருவர் அமெரிக்காவில் செய்த பரிசோதனையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. செக்ரோபியா என்ற பட்டுப்பூச்சி காலையில் கூட்டை விட்டு வரும். சீன ஓக் பட்டுப்பூச்சி பிற்பகல் கடைசியில் வரும். இரண்டின் கூட்டுப்புழுக்களிலிருந்தும் மூளையை எடுத்து, ஒன்றின் மூளையை மற்றதன் வயிற்றுக்குள் வைத்தார்கள். நரம்பு எதுவும் இணைக்கப்படவில்லை. மூளை சும்மா வயிற்றில் மிதக்கிறது. ஆனாலும் செக்ரோபியாவின் உடல், தனக்குள் இருக்கும் அயல் மூளையின் நேரப்படி பிற்பகலில் கூட்டை விட்டு வந்தது. சீனப் பூச்சியின் உடல் காலையில் வந்தது. நேரம் மூளைக்குள் இருக்கிறது; அது இரத்தத்தில் விடும் ஒரு ஹார்மோன் உடலுக்கு நேரத்தைச் சொல்கிறது. வெளியே பகலா இரவா என்பதை அந்த மூளை கண்களின் உதவியில்லாமல் தானே உணர்கிறது.

நேரம் இவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். வட அமெரிக்காவில் கல்லோசாமியா என்ற பேரினத்தில் மூன்று பட்டுப்பூச்சிகள் இருக்கின்றன. ஒன்று நண்பகலை ஒட்டிய வெயில் நேரத்தில் துணை தேடும். இன்னொன்று பிற்பகலில் தொடங்கி அந்தி வரை. மூன்றாவது நன்றாக இருட்டிய பிறகு. மனிதர் கையால் சேர்த்து வைத்தால் இவை கலந்து சந்ததி தரக்கூடியவை. ஆனால் காட்டில் ஒன்று அழைக்கும் நேரத்தில் மற்றது உறங்குகிறது. அவற்றுக்கிடையே மலையோ கடலோ தேவைப்படவில்லை, மணி மட்டும் வேலியாக நிற்கிறது. இப்படிப்பட்ட பூச்சியிருக்கும் ஊரில் இரவை விளக்குப் போட்டு மாற்றுவது எவ்வளவு பெரிய குறுக்கீடு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சரி, பெண் எப்படி அழைக்கிறது? இறக்கை விறைத்த பெண் பெரும்பாலும் தன் கூட்டுக்குப் பக்கத்திலேயே தங்கிவிடும். முட்டைகளால் வயிறு பருத்திருக்கும், பறப்பது செலவு. உரிய நேரம் வந்ததும் வயிற்றின் நுனியை நீட்டி, உள்ளே மடிந்திருக்கும் ஒரு சிறு சுரப்பியை வெளியே தள்ளுகிறது. கூர்ந்து பார்த்தால் நுனியில் ஈரமாக மினுங்கும் ஒரு சதை வளையம் தெரியும். அவ்வளவுதான். ஒலி இல்லை, அசைவு இல்லை, நம் மூக்குக்கு எந்த வாசமும் இல்லை. ஆனால் அந்த வளையத்திலிருந்து காற்றில் ஏறுவது, தன் இனத்து ஆணைத் தவிர வேறு யாருக்கும் பொருள்படாத ஒரு வாசனை.

இதை முதலில் பொறுமையாக உட்கார்ந்து கவனித்து எழுதியவர்களில் பிரான்சின் ழான் ஆன்றி ஃபாப்ரைச் சொல்ல வேண்டும். அவர் வீட்டில் ஒரு மே மாதக் காலையில் ஐரோப்பாவின் பெரிய மயிற்கண் பட்டுப்பூச்சியின் பெண் கூட்டை விட்டு வந்தது. கம்பி வலைக் கூண்டுக்குள் வைத்தார். அன்று இரவே நாற்பது ஆண்கள் அறைக்குள் வந்து பறந்தன. எட்டு இரவுகளில் கிட்டத்தட்ட 150. அந்த வட்டாரத்தில் அந்தப் பூச்சி அரிது. மணத்தை மறைத்துப் பார்ப்போம் என்று அறையில் நாப்தலீனைப் பரப்பினார். ஆண்கள் அதைச் சட்டை செய்யவில்லை. அதனால் சில காலம் இது வாசனையாக இருக்க முடியாது என்றுகூட எண்ணினார். பிறகு வேறொரு அந்துப்பூச்சியின் பெண்ணைக் கண்ணாடிக் குடுவைக்குள் எல்லோருக்கும் தெரியும்படி வைத்து, அது முன்பு உட்கார்ந்திருந்த கிளையை எதிர்ப்பக்கம் போட்டார். வந்த ஆண்கள் கண்ணெதிரே இருந்த பெண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெறும் கிளையைச் சுற்றித்தான் மொய்த்தன. ஐயம் தீர்ந்தது.

அந்த வாசனை என்ன பொருள் என்று தெரிந்துகொள்ள இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. ஜெர்மனியின் அடால்ஃப் பூட்டனான்ட், மல்பெரி பட்டுப்பூச்சியின் பெண்களிலிருந்து சுரப்பிகளை வெட்டி எடுக்கத் தொடங்கினார். ஏறக்குறைய 5 லட்சம் பெண் பூச்சிகள். இருபது ஆண்டு வேலை. கடைசியில் கிடைத்தது சில மில்லிகிராம். 1959-இல் அதன் அமைப்பை வெளியிட்டு பாம்பிகால் என்று பெயரிட்டார். இப்படிப்பட்ட வாசனைக்கு ஃபெரோமோன் என்ற சொல்லும் அதே ஆண்டில்தான் பிறந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டு விவசாயிக்கு இது புதிதல்ல. கத்தரித் தோட்டத்திலும் பருத்திக் காட்டிலும் தொங்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் உள்ள ரப்பர் குப்பியில் இருப்பது, பெண் பூச்சியின் வாசனையைத் தொழிற்சாலையில் செய்த நகல்தான். ஒரு குப்பி கத்தரித் தண்டுத் துளைப்பானின் ஆணை வரவழைக்கும். பக்கத்து வயலில் நெல் குருத்துப் பூச்சி அதைக் கவனிக்காது.

ஆணிடம் வருவோம். ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய எளிய வழி உணர்கொம்பு. பெண்ணுடையது ஒல்லியாக இருக்கும். ஆணுடையது அகலமான இறகு; நடுத் தண்டிலிருந்து இருபுறமும் கிளைகள், கிளைகளில் கண்ணுக்குத் தெரியாத முடிகள். மல்பெரிப் பூச்சியின் ஓர் உணர்கொம்பில் பெண்ணின் வாசனைக்கென்றே 17,000 முடிகள் இருக்கின்றன. 1970-இல் கார்ல் எர்ன்ஸ்ட் கைஸ்லிங், எர்ன்ஸ்ட் பிரீஸ்னர் இருவரும் கணக்கிட்டபடி, பாம்பிகாலின் ஒரே ஒரு மூலக்கூறு ஒரு முடியின் நரம்பைத் துடிக்க வைக்கப் போதும். ஒரு நொடிக்குள் 200 துடிப்பு சேர்ந்தால் ஆண் இறக்கையடிக்கத் தொடங்கிவிடுகிறது. ஓசூர், தருமபுரிப் பக்கம் முட்டை உற்பத்தி செய்யும் பட்டு வித்தகங்களில் வேலை செய்பவர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். பல்லாயிரம் ஆண்டு வளர்ப்பில் மல்பெரி ஆண் பறப்பதை மறந்துவிட்டது. ஆனால் பெண் இருக்கும் தட்டைக் கிட்டே கொண்டுபோனால் படபடவென்று இறக்கையடித்தபடி ஓடுகிறது. அந்த இறக்கையடிப்பு வீண் ஆட்டமில்லை. அது உணர்கொம்பின் அடர்ந்த முடிகளுக்கிடையே காற்றை இழுத்து விடுகிறது. நாம் மூச்சை உள்ளிழுத்து முகர்வதற்கு அது ஈடு.

முகர்வதில் பாதி வேலை, முகர்ந்ததை அழிப்பது. எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிகவும் பிடித்த பகுதி இதுதான். காற்றில் வாசனை ஒரே சீராகப் பரவுவதில்லை. ஊதுபத்திப் புகையைக் கவனியுங்கள்: பத்தியின் நுனியில் ஒரே கோடாக எழுகிறது, ஒரு சாண் தாண்டியதும் சுருண்டு, பிய்ந்து, இடையிடையே வெறும் காற்றோடு கலந்து போகிறது. பெண்ணிடமிருந்து கிளம்பும் வாசனையும் காட்டுக்குள் இப்படித்தான் துண்டு துண்டாகப் போகிறது. ஆணுக்கு ஒரு துண்டு கிடைத்ததும் அது காற்றை எதிர்த்து முன்னே பாய்கிறது. வாசனை அறுந்ததும் முன்னேறுவதை நிறுத்தி, இடமும் வலமுமாக அகலமாக வீசிப் பறந்து அடுத்த துண்டைத் தேடுகிறது. கிடைத்தால் மறுபடி பாய்ச்சல். இந்த முறை வேலை செய்ய வேண்டுமென்றால், வாசனை இருந்தது என்பதைவிட வாசனை நின்றுவிட்டது என்பது உடனுக்குடன் தெரிய வேண்டும். பழைய மூலக்கூறு முடிக்குள் தங்கிவிட்டால் ஆண் இல்லாத வாசனையைத் துரத்திக்கொண்டு எங்கோ போய்விடும்.

ரிச்சர்ட் வோக்ட், முன்பு சொன்ன அதே லின் ரிடிஃபோர்ட் இருவரும் 1981-இல், ஆன்தரேயா இனத்தின் அமெரிக்க உறவான பாலிஃபீமஸ் பூச்சியின் உணர்கொம்பில் இரண்டு புரதங்களைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று, கொழுப்புத் தன்மையுள்ள வாசனை மூலக்கூறைப் பிடித்து, முடிக்குள்ளிருக்கும் நீர்மத்தின் வழியே நரம்பிடம் கொண்டுசேர்க்கிறது. மற்றொன்று அதை உடைத்துப் போடுகிறது. எவ்வளவு வேகத்தில்? பிறகு வந்த அளவீட்டின்படி, முடிக்குள் வந்த வாசனையில் பாதி சுமார் 15 மில்லிவினாடியில் அழிந்துவிடும். கண் சிமிட்டும் நேரத்தில் பலமுறை துடைத்துக்கொள்ளும் மூக்கு அது. அந்தமானின் ஆன்தரேயா அண்டமானாவும் இதே குலத்தைச் சேர்ந்தது.

தூரத்தைப் பற்றிப் பெரிய கதைகள் உண்டு. குறியிட்டு விடப்பட்ட ஆண் நிலா அந்துகளில் சில 11 கிலோமீட்டரிலிருந்து பெண்ணிடம் வந்து சேர்ந்ததாக 1922-இல் ருடோல்ஃப் மெல் எழுதினார். அதைப் படித்துவிட்டு, பூச்சி 11 கிலோமீட்டர் தொலைவில் நின்றபடியே முகர்ந்தது என்று சொல்பவர்கள் அதிகம். அப்படி முடிவுகட்ட முடியாது. ஆண் இரவெல்லாம் காற்றுக்குக் குறுக்கே அலைகிறது. அலைச்சலில் எங்கோ ஓரிடத்தில் வாசனையின் ஒரு துண்டை வெட்டிக் கடக்கிறது. வழி அங்கிருந்துதான் தொடங்குகிறது. என் பார்வையில், வெறும் வயிற்றோடு, சேர்த்து வைத்த கொழுப்பை எரித்துக்கொண்டு, கிடைக்குமா என்று தெரியாமல் கிலோமீட்டர் கணக்கில் அலைவது, தூரத்திலிருந்து முகர்வதைவிடப் பெரிய காரியம். தெற்கு அந்தமான் மாதிரி ஒடுங்கிய தீவில் கடல் எந்தப் பக்கமும் தூரமில்லை. இங்கே காற்று வாசனையைக் கடலுக்குக் கொண்டுபோகும் இரவுகளும் இருக்கும். ஆணுக்குத் தேட இருப்பது கரைக்கும் கரைக்கும் இடையில் உள்ள காடு மட்டுமே.

அந்தக் காட்டின் இருட்டில் வௌவால்களும் வேட்டைக்குக் கிளம்பியிருக்கின்றன. பல அந்துப்பூச்சிகளுக்கு வௌவாலின் மீயொலியைக் கேட்கக் காது உண்டு. பட்டுப்பூச்சிக் குடும்பத்துக்குக் காதே இல்லை. வேறு வழிகள் இருக்கின்றன. சீன ஓக் பட்டுப்பூச்சியின் இறக்கையை மூடிய செதில்கள் மீயொலியை உறிஞ்சி எதிரொலியை மங்கச் செய்வதைப் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2020-இல் காட்டினார்கள். நிலா அந்தின் வால் இன்னொரு வழி. 2015-இல் ஜெஸ்ஸி பார்பர் குழு அமெரிக்க லூனா அந்துகளை வௌவால்களோடு அறையில் விட்டது. வாலை வெட்டிய அந்துகளில் நூற்றுக்கு 81 பிடிபட்டன. வாலுள்ளவற்றில் 35 மட்டும். சுழன்றபடி வரும் வால் நுனி எதிரொலியைத் தன் பக்கம் இழுக்க, வௌவாலின் வாயில் வால் சிக்குகிறது, உடல் தப்புகிறது. இவ்வளவு அழகான வால் துணையைக் கவரத்தானே என்று நாம் நினைப்போம். ஜூலியட் ரூபின், அகிட்டோ கவஹாரா இருவரும் அதையும் சோதித்தார்கள். பெண் லூனா வாலைப் பார்த்து ஆணைத் தேர்ந்தெடுப்பதாகத் தெரியவில்லை. அந்தமானின் சிடியா தாப்பு காட்டில் ஆக்டியாஸ் கலாண்ட்ராவின் பச்சை வால் நிலவொளியில் ஆடுவதை யாராவது பார்க்க நேர்ந்தால், அந்த அழகு வௌவாலுக்காக உண்டானது என்று நினைத்துக்கொள்ளலாம்.

ஆண் வந்து சேர்ந்த பிறகு ஆட்டமோ ஊடலோ பெரிதாக ஒன்றுமில்லை. பெண்ணின் பக்கத்தில் இறங்கி, வயிற்றை வளைத்து, நுனியிலுள்ள பற்றுக்கொக்கிகளால் பிடித்துக்கொள்கிறது. பிறகு அசைவில்லாத நீண்ட நேரம். செக்ரோபியா விடியலுக்கு முன் சேர்ந்து, அன்று பகல் முழுக்க அப்படியே இருந்து, அந்தியில்தான் பிரியும். அஸ்ஸாமின் முகா பட்டு வளர்ப்பவர்களுக்கு இந்தப் பொறுமை பழக்கம். சேர்ந்த இணையை உலர்ந்த வைக்கோல் கட்டிய கரிகா என்ற குச்சியில் நூலால் கட்டித் தொங்கவிடுவார்கள். ஆண் பிரிந்த பிறகு பெண் அந்தக் கரிகாவிலேயே முட்டையிடும். கரிகாவை அப்படியே கொண்டுபோய் மரத்தில் கட்டினால் பொரித்த புழு தானாகவே இலைக்கு ஏறிக்கொள்ளும். காட்டுப் பட்டுப்பூச்சியின் இரவு வாழ்க்கையை இந்தியாவில் தலைமுறை தலைமுறையாகக் கூர்ந்து பார்த்தவர்கள் அவர்களும் ஜார்க்கண்டின் டசர் வளர்ப்பவர்களும்தான்.

சேர்க்கை முடிந்த பெண் வேறொரு உயிரே ஆகிவிடுகிறது. சுரப்பியை நீட்டுவதில்லை. அதுவரை கிளையை விட்டு நகராதது, பறந்து போய் இலை தேடி முட்டை வைக்கிறது. விந்தைப் பெற்ற பைதான் இந்த மாற்றத்துக்கு இரத்தத்தின் வழியே உத்தரவு அனுப்புகிறது.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு லம்பா லைன் தெருவிளக்கடியில் போய் நின்றால் காட்சி வேறாகத் தெரிகிறது. விளக்கைச் சுற்றும் பூச்சி விளக்கின் மேல் ஆசைப்பட்டு வந்ததில்லை. சாமுவேல் ஃபேபியன், யாஷ் சோந்தி குழு அதிவேகக் கேமராவில் படம் பிடித்து 2024-இல் சொன்னது இது: இரவில் பறக்கும் பூச்சி, வானம்தான் வெளிச்சமான பக்கம் என்ற நம்பிக்கையில், முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பறக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக அந்த நம்பிக்கை பொய்த்ததில்லை. விளக்கு பக்கத்தில் வந்ததும் முதுகை அதன் பக்கம் சாய்க்கிறது, சாய்ந்தால் வட்டமடிக்கிறது, வட்டத்திலிருந்து வெளியே வர முடிவதில்லை. பெண்ணைத் தேடிக் கிளம்பிய ஆண் கொழுப்பையெல்லாம் அங்கேயே எரித்து முடிக்கிறது.

அழைக்கும் பெண்ணுக்கும் வெளிச்சம் கேடு. நெதர்லாந்தில் கோயன் வான் கெஃபன் குழு முட்டைக்கோஸ் அந்தின் பெண்களை இரவு விளக்கின் கீழ் வைத்தபோது, இருட்டில் இருந்தவற்றைவிட அவை குறைவாகவே ஃபெரோமோன் சுரந்தன. வெள்ளை, பச்சை விளக்கு மட்டுமில்லாமல் சிவப்பு விளக்கிலும் அப்படித்தான். இன்னொரு அந்தில், வெளிச்சம் அடித்த மரங்களில் இருந்த பெண்களில் துணை சேர்ந்தவை குறைவு. இவை ஐரோப்பியச் சிறு அந்துகள். ஆனால் உணவுண்ணும் அந்துக்கு இந்த இரவு போனால் அடுத்த இரவு உண்டு. வாயில்லாத பட்டுப்பூச்சிக்கு அந்தக் கணக்கு சரிவராது. அதுவும் உலகத்திலேயே இந்தத் தீவுகளில் மட்டும் இருக்கும் ஒரு பூச்சிக்கு.

அதனால்தான் பார்க்க விரும்புகிறவர்கள் வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைப்பதை விட்டுவிட வேண்டும் என்கிறேன். அதில் என்னென்ன இனம் இருக்கிறது என்று தெரியும்; எப்படி வாழ்கிறது என்று தெரியாது. வேறு வழி இருக்கிறது, செலவில்லாதது. காட்டுக்குள் போய் எதையும் எடுக்க வேண்டாம். அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், வேண்டியதும் நியாயமே. வீட்டு வாசலிலும் அலுவலக வளாகத்திலும் இருக்கும் மரங்கள் போதும். டசர் இனத்துப் புழுக்களுக்கு மருது மரமும் அதன் சொந்தமான நாட்டு வாதுமையும் உணவு. வாதுமை இல்லாத தெரு அந்தமானில் குறைவு. இலைக்கிடையே தொங்கும் கூட்டைக் கண்டால் கிளையோடு விட்டு, சுற்றி ஒரு கொசுவலைப் பையைத் தளர்வாகக் கட்டினால் பூச்சி வெளிவரும் நாளைத் தவறவிடாமல் இருக்கலாம். காலையிலும் மாலையிலும் ஒருமுறை பார்த்தால் போதும்.

வந்தது பெண் என்றால் பக்கத்து விளக்குகளை அணைத்துவிட்டு, காற்று வரும் திசையைப் பார்த்து, பூச்சிக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். டார்ச்சை எப்போதாவது ஒரு நொடி, சிவப்புத் தாள் கட்டி, பூச்சிமேல் நேராகப் படாமல் அடிக்கலாம். குறித்துக்கொள்ள வேண்டியவை நான்கைந்துதான்: எத்தனை மணிக்கு வயிற்று நுனியை நீட்டியது, எத்தனை மணிக்கு உள்ளிழுத்தது, மழையா, நிலவா, முதல் ஆண் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது. ஆண் வரும்போது முதலில் தெரிவது இருட்டில் அகலமாக இடவலம் வீசும் ஒரு நிழல். கிட்ட நெருங்க நெருங்க வீச்சு குறுகும். வந்துவிட்டால் வலையை அவிழ்த்துவிடுங்கள். இரவோடு இரவாக வராவிட்டாலும் காலையில் அவிழ்த்துவிடுங்கள். அடுத்த இரவு அது வேறு கிளையிலிருந்து அழைக்கட்டும். ஒரு தெருவில் சில குடும்பங்கள் ஆண்டு முழுக்க இப்படிக் குறித்து வைத்தால், எந்த இனம் எந்த மாதத்தில் எந்த மணிக்கு அழைக்கிறது என்ற அட்டவணை லம்பா லைனிலேயே உருவாகிவிடும். அதைக் காராச்சர்மாவுக்குக் கொண்டுபோனால் பூச்சியியல் படித்தவர்கள் ஆர்வத்தோடு வாங்கிப் பார்ப்பார்கள்.

விளக்கு தேவைப்படும் இடங்களில் அதைக் கீழ்நோக்கித் திருப்பி மேலே மூடி போடலாம். நீலம் கலந்த வெள்ளை எல்.இ.டி-க்குப் பதில் மஞ்சள் வெளிச்சம் போடலாம். வாசல் விளக்கு விடியும்வரை எரிய வேண்டியதில்லை. காலையில் சுவரில் ஒட்டியிருக்கும் பெரிய பூச்சியைக் கண்டால், இறக்கையைப் பிடிக்காமல் காலடியில் ஒரு குச்சியை நீட்டுங்கள், தானாக ஏறிக்கொள்ளும். மைனாக்கள் வருவதற்கு முன் அடர்ந்த இலைக்குள், நிழலில் கொண்டுபோய் வையுங்கள். உணர்கொம்பு ஒல்லியாகவும் வயிறு பருத்தும் இருந்தால் அது பெண். சுவரில் முட்டை வைத்திருந்தால் அழுத்திச் சுரண்ட வேண்டாம், உடைந்துவிடும். பத்து நாள் போல விட்டுவைத்து, பொரிந்த புழுக்கள் தெரிந்ததும் வாதுமை இலை ஒன்றை அருகில் ஒட்டி வையுங்கள். அவை ஏறித் தின்னத் தொடங்கினால், இலையோடு மரத்துக்கு மாற்றிவிடலாம்.